வேவுக்குக் கண்காணிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்

இது நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர்கள் கடைசிப் பகுதிக்குப் போகலாம். தேர்வுக்கு முதல் நாள் நீங்கள் அப்படித்தான் படித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு செய்தி போட்டார். யார் என்று சொல்லப்போவதில்லை. குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். வெளியூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளின் போனில், அவளுக்குத் தெரியாமல் ஒரு செயலியை ஏற்றி வைத்திருக்கிறாராம். அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு பேசுகிறாள், யாருக்கு என்ன எழுதுகிறாள், எல்லாம் இவருடைய போனுக்கு வந்துவிடுமாம். "பிள்ளை முழுக்க நம்ம கண்காணிப்புல இருக்கா, நிம்மதியாத் தூங்குறேன்" என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், கும்பிட்ட கைகள். இரண்டு பேர் "அந்த ஆப் பேரு என்ன, எனக்கும் அனுப்புங்க" என்று கேட்டிருந்தார்கள்.

நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: "இதற்குப் பெயர் கண்காணிப்பு இல்லை, வேவு."

அவ்வளவுதான். "மாமா ரிட்டயர் ஆனாலும் சிவப்பு மைப் பேனாவை விடமாட்டார்" என்றார் ஒருவர். "பெத்தவனுக்குத்தான் வயித்தெரிச்சல் தெரியும், வாத்தியாருக்கு இலக்கணம்தான் தெரியும்" என்றார் இன்னொருவர். "எல்லாம் ஒண்ணுதான், வார்த்தையில என்ன இருக்கு?" என்றார் மூன்றாமவர். முதல் இருவருக்கும் பதில் சொல்லப்போவதில்லை. மூன்றாமவருக்குத்தான் இந்தப் பதிவு. வார்த்தையில் என்ன இருக்கிறது என்பதை 34 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். இன்றைக்குச் சம்பளம் இல்லாமல் சொல்கிறேன்.

முதலில் கண்காணிப்பு. கண்ணால் காண்பது. இந்தச் சொல்லுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார் என்று ஒரு பொறுப்பு வரும். கோயில் காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று மேற்பார்ப்பவர்கள். ஊரறிந்த பொறுப்பு. அதனால்தான் கல்லிலே வெட்டி வைத்தார்கள். எந்த ராஜாவாவது தன் ஒற்றன் இன்னார் என்று கல்லில் வெட்டி வைப்பானா?

நமக்குப் பழக்கமான இடத்துக்கு வாருங்கள். பொதுத்தேர்வு எழுதினீர்களே, அந்த அறையில் நின்றவருக்கு என்ன பெயர்? அறைக் கண்காணிப்பாளர். எங்கே நின்றார்? உங்கள் கண்ணுக்கு எதிரே. அவர் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மாவட்டத்துக்குக் காவல் கண்காணிப்பாளர் இருக்கிறார். அவர் அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. நகைக்கடைக்குப் போனால் சுவரில் எழுதியிருக்கிறான்: இந்த இடம் கேமராவால் கண்காணிக்கப்படுகிறது. திருடனுக்கும் சேர்த்துத்தான் அந்த அறிவிப்பு. முன்பின் தெரியாத திருடனுக்கு நகைக்கடைக்காரன் தருகிற மரியாதையைப் பெற்ற மகளுக்கு நம் சொந்தக்காரர் தரவில்லை. எனக்கு வந்த கோபம் இதுதான்.

"கங்காணியும் அதே சொல்தானே, அவன் என்ன யோக்கியனா?" என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் ஊர்களிலிருந்து ஆள் கூட்டிப்போன கங்காணி இந்தச் சொல்லின் பிள்ளைதான். இங்கிலீஷ்காரனே அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டான். சொந்த ஊர்க்காரனையும் சொந்தக்காரனையும் கூட்டிப்போய், கடன் கணக்கில் கட்டிப்போட்டு, வேலை வாங்கினான். கங்காணிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவன்கூடத் தோட்டத்தில் ஆட்களுக்கு எதிரே நின்றான். அவன் தலை தெரிந்தால் ஆட்கள் எச்சரிக்கையானார்கள், அவன் அந்தப்பக்கம் போனால் மனதில் இருந்ததைப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கொத்தடிமை வாழ்க்கையிலும் அவன் பார்க்காத நேரம் என்று ஒன்று இருந்தது. இந்தச் செயலி அந்தப் பெண்ணுக்கு அதைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

இப்போது வேவு. இதற்கு வேர் வேய் என்பார்கள். மூங்கிலுக்கும் வேய் என்று பெயர் உண்டு, கூரை வேய்வதும் உண்டு. நான் சொல்வது இன்னொரு வேய். தொல்காப்பியத்தில் புறத்திணையியல் நினைவிருக்கிறதா? வெட்சித்திணை. பகைவன் நாட்டுப் பசுக்களைக் கவர்ந்து வருவதற்குப் படை கிளம்புகிறது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துறை. படை கிளம்பும் ஓசை ஒரு துறை. பாக்கத்தில் நல்ல சொல் கேட்கக் காத்திருப்பது விரிச்சி. பகைவர் அறியாதபடி போவது ஒரு துறை. அங்கே ஒற்றர்கள் மறைந்திருந்து அறிந்து வந்து சொல்வது வேய். அதற்கு அடுத்தது என்ன? புறத்திறை, அதாவது சுற்றி வளைத்து இறங்குதல். அதற்கு அடுத்தது ஊர்கொலை. அதற்கு அடுத்துத்தான் ஆகோள், மாட்டைப் பிடிப்பது.

வரிசையைப் பாருங்கள். வேவு தனியாக வருவதில்லை. வேவு பார்த்தவன் "சரி, பார்த்தாச்சு" என்று வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. அடுத்து வளைக்கிறான், அதற்கடுத்து அழிக்கிறான். வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. மகள் போனில் ஒரு பையன் பெயரைப் பார்த்த அப்பன் அதோடு நிற்பானா? கல்லூரியை நிறுத்துவான், போனைப் பிடுங்குவான், மாப்பிள்ளை பார்ப்பான். பையன் கூடப் படிக்கிறவனாக இருக்கலாம், நோட்ஸ் கேட்டிருக்கலாம். யார் விசாரிக்கப்போகிறார்கள்? எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டால் சொல்ல முடியாதே! ஒளிந்து பார்த்தவனுக்கு நேரில் கேட்க வாய் வராது. அதனால் கேட்காமலே தண்டிப்பான்.

அடுத்த சொல் உளவு. உள் என்பதிலிருந்து வந்தது. உள்ளே இருப்பதை அறிவது, உள்ளே இருந்தே அறிவது. வெளியிலிருந்து வருகிற எதிரிக்குக் கோட்டைக்குள் ஒரு ஆள் தேவை. உளவு சொல்கிறவன் எப்போதும் உள் ஆள்தான். "கூடவே இருந்து உளவு பார்த்திருக்கான்" என்று சொல்லும்போது நமக்கு வயிறு எரிவது எதனால்? கூடவே இருந்ததால்தான். அப்பாவைவிட உள் ஆள் யார்?

இனி ஒற்று. இந்தச் சொல்லைப் பற்றி ஒரு முழுப் பாடவேளை பேசுவேன், சுருக்கிக்கொள்கிறேன். ஒற்றுதல் என்றால் பதியும்படி தொடுதல், அழுத்துதல். கோயில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அழுகிறவள் முந்தானையால் கண்ணை ஒற்றி எடுக்கிறாள். வீங்கின இடத்துக்குத் தவிட்டை வறுத்து ஆச்சி கொடுத்த ஒத்தடம் இந்த ஒற்றடம்தான். மறைந்திருந்து அறிவதற்கும் அகராதி இதே வினையைத்தான் காட்டும். அறிகிற பொருளோடு ஒட்டிக்கொண்டு கிடப்பவன் ஒற்றன். பிள்ளை விஷயத்தில் இந்த ஒற்றில் எது நம் வேலை? கண்ணீரை ஒற்றி எடுப்பதா, போனுக்குள் ஒற்றனை இறக்குவதா?

இங்கே ஒரு சொந்தக்காரர் குறளைக் கொண்டுவந்து போட்டார். "ஒற்றாடல்னு வள்ளுவரே ஒரு அதிகாரம் எழுதியிருக்கார். சுற்றத்தையும் ஒற்று வச்சு ஆராயணும்னு அதுல இருக்கு. படிச்சுட்டுப் பேசுங்க" என்றார். எனக்குக் குறளை எடுத்துக் காட்டுகிற துணிச்சலைப் பாராட்டுகிறேன். மெய்யாகவே பாராட்டுகிறேன், எடுத்துப் பார்த்திருக்கிறாரே.

ஆனால் அதிகாரத்தின் எண்ணையும் பார்த்திருக்க வேண்டும். ஒற்றாடல் 59-ஆவது அதிகாரம். பொருட்பால், அரசியல். அரசனுக்குச் சொன்னது. அரசனுக்குக் காரியம் செய்கிறவர், அவனுடைய சுற்றம், அவனுக்கு வேண்டாதவர் என்று மூன்று வகை ஆட்களையும் ஆராயச் சொன்னது அங்கே. காரணம், நாட்டைக் கவிழ்க்கக் கூடியவர்கள் அவர்கள். நீங்கள் எந்த நாட்டை ஆள்கிறீர்கள்? உங்கள் சிம்மாசனத்தைக் கவிழ்க்க அந்தப் பிள்ளை விடுதி அறையில் உட்கார்ந்து சதி செய்கிறாளா?

அந்த அதிகாரத்தையே முழுதாகப் படித்தாலும் வள்ளுவர் ஒற்றை எவ்வளவு சந்தேகத்தோடு கையாள்கிறார் என்பது தெரியும். ஒரு ஒற்றன் சொன்னதை நம்பாதே, இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் தெளியலாம் என்கிறார். நம் சொந்தக்காரர் ஒரே ஒரு செயலி சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, மறைவு வெளிப்பட்டுவிடும் என்று கடைசிக் குறள் சொல்கிறது. இவரோ 80 பேர் இருக்கிற குழுவில் அதை அறிவித்துக் கட்டைவிரல் வாங்கியிருக்கிறார். வள்ளுவர் வழியில் வேவு பார்க்கவும் தெரியவில்லை.

இன்னொன்று. 59-ஆவது அதிகாரத்துக்கு முன்னால் 58-ஆவது என்ன? கண்ணோட்டம். இன்றைக்கு நாம் பார்வைக் கோணம் என்ற பொருளில் சொல்கிற கண்ணோட்டம் இல்லை. பழகியவர் மேல் கண் தானாக இரக்கத்தோடு ஓடுவது. அந்த இரக்கம் இல்லாத கண் கண்ணே இல்லை, புண் என்கிற அளவுக்குப் போகிறார். அரசனுக்கே முதலில் கண்ணோட்டத்தைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒற்றனைக் கையில் கொடுக்கிறார்.

குடும்பத்துக்கு வேண்டியது அறத்துப்பாலில் இல்லறவியலில் இருக்கிறது. 5-ஆவது அதிகாரத்திலிருந்து 24 வரை தேடுங்கள். பிள்ளைகளை ஒற்றாடச் சொல்கிற ஒரு குறள் இல்லை. மக்கட்பேறு அதிகாரத்தில் பிள்ளையைத் தொடுவது உடம்புக்கு இன்பம், பிள்ளையின் பேச்சைக் கேட்பது காதுக்கு இன்பம் என்று வருகிறது. பேச்சைக் கேட்பது என்றால் பிள்ளை நம்மிடம் பேசுகிற பேச்சை. அவள் தோழியிடம் பேசுவதை ஒட்டுக்கேட்பதை இல்லை. வாழ்க்கைத் துணைநலத்தில், சிறை போட்டுக் காக்கிற காவல் என்ன பயன் தரும், அவரவர் மனதைக் கொண்டு தம்மைக் காத்துக்கொள்வதுதான் தலையான காவல் என்கிறார். "அதை ஏன் ஐயா மகளிருக்கு மட்டும் சொன்னார்?" என்று என் மாணவிகள் அன்றைக்கே கேட்டார்கள். நியாயமான கேள்வி, இன்றைக்கும் கேளுங்கள். ஆனால் சிறைக்காவல் வீண் என்ற பாதியையாவது அப்பாக்கள் எடுத்துக்கொள்ளலாமே.

அடுத்த எதிர்ப்பு: "பிரைவசி எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு. நம்ம குடும்பத்துல ஒளிவுமறைவு கிடையாது."

தமிழ் படித்த யாரும் இதைச் சொல்லக் கூடாது. வாழ்க்கையையே அகம், புறம் என்று இரண்டாகப் பிரித்து இலக்கணம் எழுதியவர்கள் நாம். புறப்பாட்டில் அரசன் பெயர், ஊர், மலை எல்லாம் சொல்லலாம். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. காதலை ஆயிரம் விதமாகப் பாடலாம், ஆனால் இன்னாருடைய காதல் என்று காட்டிக்கொடுக்கக் கூடாது. அந்தரங்கத்துக்கு இதைவிட மரியாதை கொடுத்த இலக்கணம் வேறு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

அந்தக் காலத்துத் தாய்க்கும் கவலை உண்டு. மகள் முகம் மாறியிருக்கிறதே என்று செவிலி பார்க்கிறாள். ஊர் முணுமுணுக்கிறது, அது அம்பல். பிறகு வாய்விட்டே பேசுகிறது, அது அலர். மகளை வெளியே விடாமல் வீட்டிலேயே வைக்கிறார்கள், இற்செறிப்பு. எல்லாம் இருந்தது, நம் முன்னோர் ஒன்றும் தேவர்கள் இல்லை. ஆனால் உண்மை கடைசியில் எப்படி வெளியே வருகிறது? அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறை. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள். நம்பிக்கை உள்ள வாய் ஒன்று, நம்பிக்கை உள்ள காது ஒன்று. வீட்டுக்குள் உண்மை வருகிற வாசல் அதுதான். அதற்கு அறம் என்று பெயரும் வைத்தார்கள். ஒற்று என்ற சொல்லைப் போர்க்களத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் சட்டம் என்று தள்ளுகிறவர்களுக்கு நம் நாட்டுச் செய்தியும் ஒன்று. 24.08.2017 அன்று உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசியல் சட்டம் தருகிற அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2012-இல் வழக்குத் தொடுத்தபோது வயது 80-ஐத் தாண்டிவிட்டது. இது வயசுப்பிள்ளைகளின் அடம் என்று நினைக்கிறவர்கள் கவனிக்கவும். 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒரு பெண் இணையத்தையும் மின்னஞ்சலையும் மற்ற மின்னணுத் தொடர்புகளையும் பயன்படுத்துவதை ஒரு ஆண் வேவு பார்ப்பதும், 2024-இல் அந்தச் சட்டம் மாற்றப்படும் வரை, அந்தப் பிரிவில் குற்றமாக இருந்தது. பெற்ற அப்பனுக்கு அது பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். தெருவில் போகிற ஒருவன் செய்தால் சிறைக்கு அனுப்பச் சொல்கிற காரியத்தை வீட்டுக்குள் செய்துவிட்டுப் பாசம் என்கிறோம், அதை யோசியுங்கள்.

இன்னொரு எதிர்ப்பு, இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: "காலம் கெட்டுக் கிடக்கு. போன்லயே பிள்ளைகளை ஏமாத்துறான், மிரட்டுறான், பணம் பறிக்கிறான். நாங்க என்ன செய்ய?" உண்மைதான், காலம் கெட்டுத்தான் கிடக்கிறது. அதனால்தான் சொல்கிறேன். ஒருவன் உங்கள் மகளை மிரட்டினால் அவள் முதலில் ஓடிவர வேண்டியது உங்களிடம். நீங்கள் ஒளிந்து பார்க்கிற ஆள் என்று தெரிந்த பிறகு வருவாளா? மிரட்டுகிறவனுக்கு வேண்டியதே அதுதான். "உங்க அப்பாவிடம் சொல்லிடுவேன்" என்பதுதான் அவன் கையில் இருக்கிற ஒரே ஆயுதம். அதைச் சாணை பிடித்துக் கொடுக்கிறீர்கள்.

தொழில்நுட்பமும் பார்ப்போம். இது என் மாணவர் ஒருவர் எனக்கு விளக்கியது. கூகுளின் கடையில், ஒளிந்து இயங்கி ஒருவரை வேவு பார்க்கிற செயலிகளுக்கு அனுமதி கிடையாது. பெற்றோருக்கான செயலி என்றால், தான் இயங்குகிறேன் என்பதைப் பிள்ளையின் போனில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஒளிந்து வேலை செய்கிற செயலியை வெளியிலிருந்து இறக்க வேண்டும், போனில் இருக்கிற பாதுகாப்புப் பரிசோதனையை அணைத்து வைக்க வேண்டும். மகளைக் காப்பாற்றுவதற்காக மகள் அறையின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிகிறீர்கள். அவள் படங்களும் பேச்சும் உங்கள் போனுக்கு நேராக வருவதில்லை. எங்கோ இருக்கிற ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்விட்டு வருகின்றன. இப்படிப்பட்ட செயலி விற்ற நிறுவனங்களிலிருந்து தகவல்கள் வெளியே கொட்டிய செய்தி ஒரு முறை இல்லை, பல முறை வந்திருக்கிறது. உங்களுக்கு வேவு சொல்கிறவன் உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறான் என்று யார் சொன்னது?

"என் பிள்ளை, என் காசு, நான் வாங்கிக் கொடுத்த போன்." சரி. அந்தக் குழுவிலேயே ஒரு கேள்வி கேட்டேன், இதுவரை பதில் இல்லை. அவருக்கு மகனும் இருக்கிறான். அவன் போனையும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அதில் இந்தச் செயலி இருக்கிறதா? பைக்கில் 100-இல் பறக்கிறவன் அவன். ஆபத்துதான் கவலை என்றால் அவன் போனில் அல்லவா முதலில் ஏற்றியிருக்க வேண்டும்? காப்பாற்ற நினைப்பது பிள்ளையையா, உங்கள் மானத்தையா?

என் வயதுக்காரர்களே, சிரிக்காதீர்கள், அடுத்தது நம் முறை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வெளிநாட்டில் இருக்கிற மகன், அப்பா அம்மா தனியாக இருக்கிறார்களே என்று நடுக்கூடத்தில் கேமரா மாட்டிவிட்டுப் போனான். திருட்டுப் பயத்துக்கு என்று சொன்னான். ஒரு நாள் போனில், "அம்மா மத்தியானம் மாத்திரை போடாமப் படுத்துட்டாங்களே" என்றான். பாசத்தில்தான் சொன்னான். அன்றிலிருந்து அந்த அம்மா கூடத்தில் உட்காருவதில்லை. அடுக்களையில் ஒரு பலகையைப் போட்டு அங்கேயே இருக்கிறார். கால் வலித்தால் கூடத்தில் முனகுவதுகூட இல்லை. வேவு பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரிகிறது என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது காலியான ஒரு கூடம். முன்பு அம்மா வலியை வாய்விட்டுச் சொல்வார், அது போயிற்று.

சரி, மூன்றாமவரின் கேள்விக்கு வருகிறேன். வார்த்தையில் என்ன இருக்கிறது?

நன்னூலில் தகுதி வழக்கு படித்தோம். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தார் என்று சொல்லாமல் இயற்கை எய்தினார் என்பது மங்கலம். கேட்கிறவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி, கள்ளுக்குச் சொல்விளம்பி என்பதும் குழூஉக்குறி. கூட்டத்துக்கு வெளியே இருப்பவனுக்குப் புரியக் கூடாது என்பதற்காக. நம் குழுவில் வேவுக்குக் கண்காணிப்பு என்று சொல்வது இதில் எது? மங்கலம் இல்லை, அந்தப் பெண்ணின் மனம் நோகாமல் இருக்க யாரும் அதைச் சொல்லவில்லை. செய்கிறவர்கள் தங்கள் மனம் நோகாமல் இருக்கத் தங்களுக்குள் வைத்துக்கொண்ட குழூஉக்குறி. "நான் என் மகளை வேவு பார்க்கிறேன்" என்று அந்தச் செய்தியைத் திருத்தி எழுதிப் பாருங்கள். கட்டைவிரல் விழுமா? அந்த ஆப் பேரு என்ன என்று ஒருவராவது கேட்பாரா? வார்த்தையில் இருப்பது அதுதான். சரியான சொல்லைப் போட்டிருந்தால் அந்தக் காரியம் அன்றைக்கே நின்றிருக்கும்.

சொற்பொருள் மாறும் என்பது எனக்குத் தெரியும். நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம், இன்றைக்கு மூக்கைப் பிடிக்கிறோம். நாணயத்தைச் சோதிக்கிற நோட்டம், இன்றைக்குத் திருடன் வீட்டை நோட்டம் விடுவதாக இறங்கிவிட்டது. அது காலத்தின் வேலை, யாரும் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. கண்ணெதிரே ஒரு நல்ல சொல்லின் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்வது வேறு. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு நான் தமிழ் படித்திருக்க வேண்டியதில்லை.

கடைசிப் பகுதிக்கு நேராக வந்தவர்களுக்கு: பிள்ளையைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளை போனில் என்ன பார்க்கிறது என்று பார்க்காத பெற்றோர் பொறுப்பில்லாதவர்கள். பார்க்கிறோம் என்பதை அந்தப் பிள்ளைக்கும் சொல்லிவிட்டுப் பாருங்கள். வயது ஏற ஏறக் கயிற்றை விடுங்கள். இரவுப் பயணம் போகிற மகள் "நான் எங்கே வந்துட்டிருக்கேன்னு பார்த்துக்கோங்கப்பா" என்று தானே தன் இருப்பிடத்தை அனுப்பினால், அது வாங்கிக்கொள்ள வேண்டிய பாசம். ஐயம் வந்தால் மூன்று கேள்வி போதும். பார்க்கப்படுகிறவருக்குத் தெரியுமா? மகளுக்குச் செய்வதை மகனுக்கும் செய்கிறீர்களா? உங்கள் போனை அதே மாதிரி உங்கள் பிள்ளை பார்த்தால் சம்மதமா? மூன்றுக்கும் ஆம் என்றால் கண்காணிப்பு. முதல் கேள்விக்கே இல்லை என்றால் வேவு, மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் துறையில் இருக்கிற என் மாணவர்களுக்கு ஒன்று. சொந்தத்தில் எந்த மாமாவோ சித்தப்பாவோ வந்து, "தம்பி, இந்த ஆப்பைக் கொஞ்சம் ஏத்திக் கொடு, அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று கேட்பார். உங்களிடம்தான் கேட்பார், அவருக்கு ஏற்றத் தெரியாது. முடியாது என்று சொல்லுங்கள். சங்கடமாக இருந்தால் "எங்க தமிழ் ஐயா திட்டுவார்" என்று சொல்லுங்கள். பழியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தச் சொந்தக்காரருக்கு: மாப்பிள்ளே, உம் மேல் எனக்குக் கோபம் உண்டு, பகை இல்லை. உமக்குப் பிள்ளை மேல் பாசம் இல்லை என்று நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்தச் செயலியை எடுத்துவிடும். எடுத்துவிட்டு, இப்படி ஒன்று வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன் என்று அவளிடம் நீரே சொல்லும். இரண்டாவதுதான் கஷ்டம், அதனால் அதைத்தான் வலியுறுத்துகிறேன். 80 பேருக்குத் தெரிந்த செய்தி, அவள் காதுக்கு வேறு யார் வாயிலிருந்தாவது போவதற்கு முன்னால் சொல்லிவிடும்.

மறுப்பு இருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினால் மகிழ்ச்சி.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா